சாஸ்திரியாரின் சோழர்களும் நம் காலத்துச் சோழர்களும்

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர் யார் என்று 1880-களில் கேட்டிருந்தால், தலபுராணத்தை நம்பிக் கரிகாலன் என்றே பலரும் சொல்லியிருப்பார்கள். ஹூல்ஷ் என்ற ஜெர்மானியர் கல்வெட்டாய்வாளராகச் சென்னைக்கு வந்து, அந்தக் கோயில் சுவர்களைப் படித்துப் பதிப்பித்த பிறகே ராஜராஜன் பெயர் நிலைத்தது. இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது தெரியும். சோழர் வரலாறு நம் வீட்டுச் செய்தி போல ஆனதற்குக் கல்கியின் நாவலைத்தான் எல்லோரும் காரணம் சொல்கிறோம். ஆனால் அந்த நாவல் ஊன்றி நிற்கும் தரையைப் போட்டவர்களில் முதன்மையானவர் கல்லிடைக்குறிச்சிக்காரரான கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி. அவர் பெயரை இப்போது அதிகம் பேர் சொல்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

1892-இல் பிறந்தவர். திருநெல்வேலி, காசி, சிதம்பரம் என்று ஆசிரியப் பணி செய்துவிட்டு, 1929-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய வரலாறு, தொல்லியல் பேராசிரியரானார். அதே ஆண்டு பாண்டியர் வரலாறு வந்தது. சோழர் வரலாற்றின் முதல் தொகுதி 1935-இல், அடுத்தது 1937-இல். எல்லாம் ஆங்கிலத்தில். அன்றைய பல்கலைக்கழகத்தில் வரலாறு என்றால் ஆங்கிலம்தான். தமிழில் தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரம் 1949-இல் வரத் தொடங்கியது.

சாஸ்திரியார் கையில் இருந்த சான்றுகள் எப்படி உருவானவை என்று தெரிந்தால்தான் உழைப்பின் அளவு புரியும். கோயில் சுவரைத் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, எழுத்துப் பள்ளங்களில் தாள் பதியும்வரை பிரஷால் தட்டுவார்கள். பிறகு மையை ஒற்றினால் கருப்பு நடுவே எழுத்து வெள்ளையாக நிற்கும். அதுதான் மைப்படி. அதைப் படித்தவர்கள் கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கையில் எண் கொடுத்து, சில வரிகளில் சுருக்கம் எழுதி வைப்பார்கள். சாஸ்திரியாரின் அடிக்குறிப்புகள் நிறைய இந்த எண்கள்தான். இன்ன ஆண்டு, இன்ன எண் என்று ஒவ்வொரு கூற்றுக்கும் கல்லைக் காட்டிவிட்டே அடுத்த வரிக்குப் போவார்.

அவரைத் தேசிய வரலாற்றாசிரியர் என்று வகைப்படுத்துகிறார்கள். சரிதான். இந்தியர்களுக்குக் கொடுங்கோல் ஆட்சி தவிர வேறெதுவும் தெரியாது என்று வெள்ளையர்கள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. வடக்கே ஜெயஸ்வாலும் ஆர். சி. மஜும்தாரும் பழைய குடியரசுகளையும் சபைகளையும் எடுத்துக்காட்டிப் பதில் சொன்னார்கள். தெற்கிலிருந்து சாஸ்திரியார் எடுத்து வைத்தது உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், அங்குள்ள சபை தன் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க எழுதிக்கொண்ட விதிகள் அவை. ஊரின் பகுதிகளான முப்பது குடும்புகளுக்கும் ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை.

இன்று அந்தக் கல்வெட்டு மேடைக்கு மேடை பேசப்படுகிறது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டட அடிக்கல் நாட்டு விழாவில் பிரதமரும் அதைச் சொன்னார். மகிழ்ச்சிதான். ஆனால் மேடையில் பாதிதான் சொல்கிறார்கள். குடத்தில் பெயர் விழ வேண்டுமானால் வரி கட்டும் நிலம் கால் வேலியாவது வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள், வேதக் கல்வியும் வேண்டும். அது பிராமணர் ஊரின் சபை. அந்த ஊரில் உழுதவர்களின் பெயர் எந்தக் குடத்திலும் விழுந்திருக்காது. சாஸ்திரியார் இதை மறைக்கவில்லை, விதிகளை முழுதாகவே தந்தார். அவர் பெருமிதத்தோடு எழுதிய வரிகளை எடுத்துக்கொண்டு, அருகிலேயே அவர் வைத்த சான்றை நாம் விட்டுவிட்டோம்.

ஆய்வுலகில் நடந்த மாற்றம் வேறு வகை. சாஸ்திரியாரின் சோழ அரசு பைசாந்தியப் பேரரசைப் போல மிடுக்கானது, வலுவான அதிகார வர்க்கம் கொண்டது. 1980-இல் பர்ட்டன் ஸ்டைன் அந்தச் சித்திரத்தையே மறுத்தார். காவிரிப் படுகைக்கு அப்பால் மன்னனின் ஆட்சி பெரும்பாலும் சடங்கு அளவிலானது என்றார். நொபொரு கராஷிமா இன்னொரு வழியில் போனார். திருச்சிப் பக்கம் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களை மட்டும் எடுத்துக்கொண்டார். பிராமணர் ஊரான ஈசானமங்கலத்தில் நிலம் தனியாருடையதாகவும், அல்லூரில் ஊராருக்குப் பொதுவாகவும் இருந்ததைக் காட்டினார். பிறகு எ. சுப்பராயலுவும் அவரும் மட்சுயியும் சேர்ந்து, சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் தொகுத்து 1978-இல் வெளியிட்டார்கள். மன்னனின் மெய்க்கீர்த்தியைத் தாண்டி, உடையான், மூவேந்தவேளான் என்ற பட்டங்களோடு கையெழுத்துப் போட்டவர்கள் யார் என்று கேட்கத் தொடங்கினார்கள். லெஸ்லி ஓர் என்ற ஆய்வாளர் அதே கல்வெட்டுகளில் கொடை தந்த பெண்களைத் தேடினார். சாஸ்திரியாருக்குத் தோன்றாத கேள்விகள் இவை. சோழரின் கடல் கடந்த படையெடுப்பும் இன்று வணிகப் போட்டி, சீனத் தூது, நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரம் எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்க்கப்படுகிறது.

வடமொழி மரபுக்குச் சாஸ்திரியார் தந்த இடம் அதிகம் என்ற குறையும் நியாயமானதே. கீழடி அகழாய்வுக்குப் பிறகு தமிழகத்தின் தொடக்க வரலாற்றை அவருடைய நூல்களைக் கொண்டு மட்டும் யாரும் எழுத முடியாது. ஆனால் அவரை மறுத்தவர்கள் அவருடைய அடிக்குறிப்புகளைத் தேடிப் படித்து மறுத்தார்கள். இன்று யூடியூபில் சோழப் பெருமை பேசுகிறவர்களிடம் கல்வெட்டு எண் கேட்டால் கிடைப்பதில்லை. அந்தப் பேச்சை மறுக்கவும் வழியில்லை, மேலே கொண்டுபோகவும் வழியில்லை.

சாஸ்திரியார் 1975-இல் காலமானார். அவர் சுருக்கமாக மட்டுமே பார்த்த கல்வெட்டுகளில் பல இன்னும் முழு வாசகத்தோடு அச்சேறவில்லை. மைப்படிகள் நெடுங்காலம் மைசூரில் இருந்தன; தமிழ் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர 2021-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. இனி அவற்றைப் படிக்க ஆள் வேண்டும். பழைய தமிழ் எழுத்தும் கிரந்தமும் வட்டெழுத்தும் கற்ற இளைஞர்களை வேலைக்கு எடுத்து, தொகுதி தொகுதியாக வெளியிடச் சொல்லி அரசுகளை நெருக்குவதுதான் சோழர் மீது பற்றுள்ளவர்கள் உடனே செய்யக்கூடிய காரியம்.