ஊர்ச் சமாதானமும் நீதிமன்ற வழக்கும்

வயலுக்கு நீர் பாய்ச்சுவதில் இருவருக்குள் சச்சரவு மூண்டு, கைகலப்பில் முடிகிறது. காயமுற்றவர் புகார் தர, வழக்குப் பதிவாகிறது. சில நாட்களில் ஊர்ப் பெரியோர் கூடி இருவரையும் சமாதானம் செய்துவிடுகின்றனர். அத்துடன் வழக்கும் ஒழிந்தது எனக் கருதி, குற்றஞ்சாட்டப்பட்டவர் சம்மனைப் புறக்கணிப்பாராயின், அவர்மீது பிடியாணை பிறக்கக்கூடும். சிறு சண்டை சிறைவாசலில் கொண்டுபோய் நிறுத்தும்.

ஊர்ப் பேச்சால் மட்டும் வழக்கு முடிவதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 359ஆம் பிரிவு, சாதாரணக் காயம் போன்ற சில குற்றங்களில், பாதிக்கப்பட்டவர் இணங்கினால் ராஜிக்கு இடமளிக்கிறது. அதனை நடுவர் முன் தெரிவித்துப் பதிவு செய்தல் வேண்டும். அவ்வாறு பதிவானால், குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுதலை பெற்றவராவார். கொலை முயற்சி போன்ற கொடுங்குற்றங்களுக்கு இவ்வழி இல்லை.

வக்கீல் வைக்கப் பொருளில்லாதோர் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், காவலிலுள்ளோர் ஆகியோருக்கு வருமானம் பாராது இலவச உதவி உண்டு. 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் விவரம் கேட்கலாம்.

சமாதானம் செய்துவைக்கும் பெரியோர், வாய்தா நாளன்று இருவரையும் நீதிமன்றத்துக்கு அனுப்பிவைத்தலையும் தம் கடமையாகக் கொள்வாராக.