மிலுவை வாங்கிய முருகன்

இந்த இரண்டு வாக்கியங்களைப் படியுங்கள்.

முருகன் காலையில் எழுந்து தொலுமியில் தண்ணீர் நிரப்பி, தம்பியைக் குமிசிக்கொண்டு சந்தைக்குப் போனான். அங்கே வாங்கிய மிலுவையை அம்மா கண்டதும் சினந்து, திரும்பப் போய்த் தவுறு என்றாள்.

இப்போது கேள்விகள். முருகன் சந்தையில் எதை வாங்கினான்? மிலுவை. தண்ணீரை எதில் நிரப்பினான்? தொலுமியில். அம்மா ஏன் சினந்தாள்? மிலுவையைக் கண்டதால். மூன்றுக்கும் முழு மதிப்பெண். மிலுவை என்பது மீனா, துணியா, பட்டாசா என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. அப்படி ஒரு சொல்லே தமிழில் இல்லை. தொலுமியும் குமிசலும் தவுறும் அப்படித்தான், இந்தக் கட்டுரைக்காகக் கட்டிய பொய்ச் சொற்கள். மொத்தம் இருபது சொற்களில் நான்கு. ஐந்துக்கு ஒன்று.

ஆங்கிலப் பாடத்தில் ‘அன்சீன் பேசேஜ்’ என்று ஒரு பத்தியைக் கொடுத்து, கீழே ஐந்து கேள்விகள் கேட்பார்களே, அதில் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் பெறும் மதிப்பெண் இந்த வகைதான். கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடு, அது இருக்கும் வரியை எடுத்து எழுது. பொருள் புரிய வேண்டிய கட்டாயம் இல்லை. 2023ஆம் ஆண்டின் ‘ஏசர்’ என்னும் இந்தியக் கல்வி நிலை ஆய்வு கிராமப்புறத்து 14 முதல் 18 வயதினரிடம் எளிய ஆங்கில வாக்கியங்களைக் கொடுத்துப் படிக்கச் சொன்னது. வாசித்தவர்கள் 57.3 சதவீதம். வாசித்தவர்களிலும் ஏறத்தாழ நான்கில் மூவருக்குத்தான் அதன் பொருளைச் சொல்ல முடிந்தது. மீதிப் பேர் வாய்விட்டுப் படித்தார்கள், அவ்வளவுதான்.

எத்தனை சொல் தெரிந்தால் ஒரு பத்தி புரியும்? இதை அளந்து பார்த்தவர்களில் தைவானைச் சேர்ந்த மார்செல்லா ஹூவும் நியூசிலாந்தின் பால் நேஷனும் முக்கியமானவர்கள். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களது ஆய்வு நாம் மேலே செய்த விளையாட்டைத்தான் முறைப்படி செய்தது. ஒரே கதை, நான்கு வடிவம். ஒன்றில் எல்லாச் சொற்களும் தெரிந்தவை. மற்றவற்றில் 95, 90, 80 சதவீதமே தெரிந்தவை, மீதி இடங்களில் பொய்ச் சொற்கள். 80 சதவீத வடிவத்தைப் படித்தவர்களில் ஒருவருக்கும் கதை போதுமான அளவு புரியவில்லை. 95 சதவீதத்திலும் சிலருக்கே புரிந்தது. யார் துணையும் இல்லாமல் படித்துப் போக வேண்டுமானால் 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். ஐம்பது சொல்லுக்கு ஒரு சொல் மட்டுமே புதிதாக இருக்கலாம். நம் ஆங்கிலப் பாடநூல்களை எடுத்து ஒரு பக்கத்தை எண்ணிப் பார்க்கும் பெற்றோருக்குத் தூக்கம் போகும்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. சீனாவில் 2001 முதல் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்கிவிடுகிறது. ஏழு முதல் ஒன்பது வரையிலான நடுநிலைப் பள்ளி முடிந்ததும் ‘ஜோங்காவோ’ என்ற தேர்வு. மேல்நிலைப் பள்ளியில் இடம் கிடைப்பது அதைப் பொறுத்தது. அதில் ஆங்கிலப் பத்திகளும், இடையிடையே சொல் விடுபட்ட பத்திகளும் வரும். அதற்கான பயிற்சி நூல்கள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. ஆனால் அந்நாட்டுப் பாடத்திட்டத்தில் நம்மிடம் இல்லாத ஒரு வரி உண்டு. ஒன்பதாம் வகுப்பு முடிக்கும் மாணவர், பாடநூலுக்கு வெளியே, மொத்தம் ஒன்றரை லட்சம் ஆங்கிலச் சொற்களுக்குக் குறையாமல் படித்திருக்க வேண்டும் என்கிறது அது. எத்தனை பத்திக்கு விடை எழுதினாய் என்பதல்ல, எவ்வளவு படித்தாய் என்பது கணக்கு. எல்லாப் பள்ளிகளும் அதை நிறைவேற்றுகின்றன என்று நம்ப நான் தயாராக இல்லை. இருந்தாலும் அளவைத் தாளில் எழுதி வைப்பதே ஒரு காரியம்.

சீனப் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் இடையே இன்னொரு ஒற்றுமை இருக்கிறது. அதைச் சொல்ல மைசூருக்குத்தான் வர வேண்டும்.

குக்கரஹள்ளி ஏரியை ஒட்டிய மானசகங்கோத்ரி வட்டாரத்தில் நடந்து போகும் தொலைவுக்குள் படிப்பைப் பற்றிய படிப்பு நடக்கும் நிலையங்கள் பல. 1963இல் வந்த வட்டாரக் கல்வியியல் நிறுவனம் தமிழ்நாடு உட்படத் தென் மாநிலங்களின் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. 1965இல் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம். 1969இல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம். பக்கத்திலேயே மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை. குழந்தை எழுத்துக் கற்கும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்று உலகம் எழுதிய பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலம் படிக்கும் வெள்ளைக்காரக் குழந்தைகளை வைத்து எழுதப்பட்டவை. அது நமக்கும் பொருந்துமா என்று கேட்டவர்களில் இந்த வட்டாரத்து ஆய்வாளர்கள் முன்னோடிகள்.

அவர்கள் பார்த்தது இது. ‘கமல’ என்ற சொல்லைச் சொல்லி, முதல் ஒலியான ‘க்’கை மட்டும் நீக்கிச் சொல் என்றால், விடை ‘அமல’. கன்னடம் மட்டும் கற்ற சிறு குழந்தை ‘மல’ என்று சொல்ல வாய்ப்பு அதிகம். அதன் கணக்கில் ‘க’ என்பது பிளக்க முடியாத ஒரு கட்டு. ஆங்கில எழுத்தோ அந்தக் கட்டை உடைத்து மெய்க்கு ஒன்று, உயிருக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதச் சொல்கிறது. பிரகாஷ் பதகண்ணாய, பிரதிபா காரந்த் முதலியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், கன்னடக் குழந்தைகள் அசைகளைப் பிரிப்பதில் கெட்டிக்காரர்களாகவும் தனி ஒலிகளைப் பிரிப்பதில் தடுமாறுபவர்களாகவும் இருந்தார்கள். அந்நாளில் கன்னட வழிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில்தான் ஆங்கிலம் தொடங்கும். அதற்குப் பிறகே தனி ஒலி பிரிக்கும் திறன் கூடியது. நன்றாகவே படிக்கத் தெரிந்த குழந்தைகள் இவர்கள். படிப்பு வருவதற்கு ஒலி பிரிக்கத் தெரிந்திருப்பது முன் தேவை என்ற மேற்கத்தியப் பாடம் நம் எழுத்துகளுக்கு அப்படியே பொருந்தாது என்பது அதனால் தெரிந்தது.

அந்த ஆய்வுக்கு ஏழாண்டுகள் முன்பு, 1986இல், சார்ல்ஸ் ரீடும் அவருடைய சீனத் தோழர்களும் பெய்ஜிங்கில் இதன் மறுபாதியைக் கண்டிருந்தார்கள். சீன எழுத்து மட்டும் கற்ற பெரியவர்கள் ஒலியைச் சேர்க்கவும் நீக்கவும் பெரிதும் திணறினார்கள். ரோமன் எழுத்தில் சீனத்தை எழுதும் ‘பின்யின்’ முறையையும் பள்ளியில் கற்றவர்களுக்கு அது எளிதாக வந்தது. பின்யின் 1958இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பள்ளி முடித்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. காதால் கேட்கும் ஒலியைக்கூட நாம் கற்ற எழுத்து தீர்மானிக்கிறது என்பது கொஞ்சம் கலவரமூட்டும் செய்திதான்.

ஆகச் சீனப் பிள்ளை, மைசூர்ப் பிள்ளை இருவரும் ஆங்கிலத்துக்கு அசையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். ஆனால் தடுக்கி விழும் இடம் ஒன்றல்ல. மின் வாங், கெய்கோ கோடா, சார்ல்ஸ் பெர்ஃபெட்டி மூவரும் 2003இல் கொரிய மாணவர்களையும் சீன மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். ஒலிப்பில் ஒன்றாகவும் எழுத்தில் வேறாகவும் இருக்கும் ஆங்கிலச் சொற்களில் கொரியர் ஏமாந்தார்கள்; சீனர் எழுத்து வடிவம் ஒத்திருந்த சொற்களில் ஏமாந்தார்கள். ஒருவர் காதை நம்புகிறார், மற்றவர் கண்ணை. கொரிய எழுத்தும் நம்முடையது போல உயிரையும் மெய்யையும் அசைக்கட்டாகக் கோப்பது. எனவே கன்னட, தமிழ்ப் பிள்ளைகள் கொரியர் பக்கம் நிற்பார்கள் என்பது என் ஊகம். தமிழில் ஒரு கூடுதல் வசதியும் உண்டு: புள்ளி. ‘பால்’ என்று எழுதும்போதே ‘ல்’ தனியே நிற்கிறது. க் என்பதும் அ என்பதும் சேர்ந்து க என்று திண்ணைப் பள்ளிக் காலத்திலிருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறோம். ஆங்கிலம் கற்பிக்கும்போது இதைப் பயன்படுத்தும் ஆசிரியர்களை அதிகம் காணோம். ஏ, பி, சி என்று பெயர்களை ஒப்பிக்கவைத்துவிட்டு நேராகச் சொற்களுக்குத் தாவுகிறோம். பிறகு பிள்ளை ஒவ்வொரு சொல்லையும் படமாக மனப்பாடம் செய்கிறது.

எழுத்துத் தடை தாண்டியதும் தேவைப்படுவது சொல். இதிலும் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஒரு பழைய உறவு உண்டு; பலருக்கும் தெரியாதது. அன்று இந்தியாவில் இருந்த டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்திய மைக்கேல் வெஸ்ட், வங்கப் பிள்ளைகள் ஆங்கிலப் புத்தகம் படிக்கத் திணறுவதைப் பார்த்து 1926இல் ஒரு நூல் எழுதினார். ஏழை நாட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம் பேசுவதைவிடப் படிப்பது முதலில் பயன்படும் என்பது அவர் வாதம். பாடநூல்களில் புதுச் சொற்கள் அடர்ந்து கிடப்பதே தடை என்று கண்டு, அவற்றைத் தூரம் தூரமாக நட்டு, வந்த சொல்லைத் திரும்பத் திரும்ப வரவைத்து வாசிப்பு நூல்கள் எழுதினார். ஹூவும் நேஷனும் எண்ணிச் சொன்னதை முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே கைப்பழக்கத்தில் கண்டுபிடித்த மனிதர். 1935இல் அவர் ஓர் ஆங்கில அகராதி வெளியிட்டார்; ஏறக்குறைய 24,000 பதிவுகளுக்கும் வெறும் 1,490 சொற்களைக் கொண்டே பொருள் சொன்னது அது. அதன் இணையாசிரியர் ஜேம்ஸ் எண்டிகாட், சீனாவின் சிச்சுவானில் பிறந்து அங்கேயே ஆங்கிலம் கற்பித்த கனடிய மிஷனரி. வங்கத்து வகுப்பறையும் சீனத்து வகுப்பறையும் சேர்ந்து பெற்ற பிள்ளை அந்த அகராதி. 1953இல் வெஸ்ட் தொகுத்த, ஏறத்தாழ 2,000 சொல் கொண்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியல் இன்றும் எளிய வாசிப்பு நூல்களுக்கு முன்னோடி.

எளிய புத்தகம் நிறையக் கொடுத்தால் என்ன ஆகும்? ஃபிஜியில் பார்த்தார்கள். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன நம்மவர்களின் பேரப்பிள்ளைகளும் படிக்கும் தீவு நாடு அது. வார்விக் எல்லியும் பிரான்சிஸ் மங்குபாயும் எட்டுக் கிராமப் பள்ளிகளின் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு, படம் போட்ட 250 கதைப் புத்தகங்களை அனுப்பினார்கள். நாள்தோறும் இருபது முப்பது நிமிடம் படிப்பு. சில வகுப்புகளில் ஆசிரியரும் சேர்ந்து படித்துப் பேசினார். சிலவற்றில் பிள்ளைகள் மௌனமாகப் படித்தார்கள். எட்டு மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் வாசிப்பு, வழக்கமான பாடம் படித்த பிள்ளைகளைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தது. அடுத்த ஆண்டில் பலன் எழுத்திலும் பேச்சிலும்கூடப் பரவியது. 1983இல் வந்த அறிக்கை இது. இலக்கணப் பயிற்சியைக் குறைத்தால் தேர்வில் பின்தங்குவார்கள் என்ற பயத்துக்கு அதில் ஆதாரம் இல்லை.

மைசூரில் இதைச் சொன்னால் ஆர். கே. நாராயணன் நினைவுக்கு வராமல் போக மாட்டார். சென்னையில் பிறந்து புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தவர். தந்தை மைசூர் மகாராஜா உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர், அந்தப் பள்ளி நூலகம் மகனுக்குத் திறந்தே கிடந்தது. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தவறி, ஓராண்டு வீட்டில் படிப்பதும் எழுதுவதுமாக இருந்து, 1926இல்தான் தேறினார். ‘சுவாமியும் நண்பர்களும்’ வந்தது 1935இல். ஒரு மேதையை வைத்து எல்லாப் பிள்ளைக்கும் விதி எழுத முடியாது. ஆனால் அவருக்குக் கிடைத்தது நூலகம் என்பதைக் கவனிக்கலாம். கேள்வித்தாள் கட்டு அல்ல.

பத்தியும் கேள்வியும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடை பார்க்கும் இயந்திரத்தில் தினமும் ஏறி நின்றால் உடம்பு தேறாது. பயிற்சித்தாளும் அப்படி ஓர் அளவுகருவி மட்டுமே. அதைவைத்தே வளர்க்கப் பார்க்கிறோம் என்பதுதான் குறை. தேவையான உணவு இப்போது கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் கன்னடம், தமிழ், ஆங்கிலம், சீனம் எனப் பல மொழிகளில் கதைகள் நான்கு படிநிலைகளாகப் பிரித்து இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே கதையைத் தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் படிக்கலாம்; கதை தெரிந்திருப்பதால் புதுச் சொல்லை ஊகிப்பது எளிது. எந்தப் படிநிலை என்று தெரியாவிட்டால், நூறு சொல் அளவுள்ள ஒரு பகுதியைப் பிள்ளையிடம் கொடுத்துத் தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். இரண்டு விரல் வரை சரி. ஐந்து மடங்கினால் அந்தப் புத்தகத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்து வையுங்கள். ஏழாம் வகுப்புப் பையன் மூன்றாம் வகுப்புப் புத்தகம் படிக்கிறானே என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள், கேட்டுவிட்டுப் போகட்டும்.

சீனப் பாடத்திட்டத்தின் ஒன்றரை லட்சத்தை நடுநிலைப் பள்ளியின் மூன்று ஆண்டுகளுக்கு, அதாவது 1,095 நாட்களுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 137 சொல் வருகிறது. நிமிடத்துக்கு எழுபது சொல் மட்டுமே படிக்கும் பிள்ளைக்கும் அது இரண்டு நிமிட வேலை.