படகுக்கு டீசல் என்ஜின் வாங்கப் போறீங்களா? எச்.பி.யை மட்டும் பார்த்தால் காசு கடலில் கரையும்!

நாகப்பட்டினம்,

கிழக்கு கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம். விசைப்படகுகளில் என்ஜினை இறக்கி வேலை பார்ப்பதும், புதுசு மாற்றுவதும் பெரும்பாலும் அப்போதுதான். 'எத்தனை எச்.பி. போடலாம்?' என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. ஆனால் சின்ன படகுக்கு பார்க்க வேண்டியது நாலு விஷயம்.

துறைமுகமா, மணல் கரையா?

உள்ளே பொருத்தும் என்ஜினின் ஷாப்ட்டும், புரொப்பல்லரும் படகின் அடியில் நீட்டிக்கொண்டு இருக்கும். துறைமுகத்தில் தண்ணீரிலேயே கட்டும் படகுக்கு இது சரி. மணலில் இழுத்துப் போடும் படகுக்கு சரிப்படாது. தரை தட்டினால் ஷாப்ட் வளைந்துவிடும். அங்கே ஷாப்ட்டை தூக்கிக்கொள்ளும் 'லாங் டெயில்' என்ஜின்தான் தோது.

பெரிய என்ஜின், பெரிய செலவு

கனமான படகுக்கு ஒரு வேக எல்லை உண்டு. தண்ணீரில் படும் நீளம் 25 அடி என்றால் சுமார் 6.7 நாட், அதாவது மணிக்கு 12 கிலோ மீட்டர்தான். அதற்கு மேல் முறுக்கினால் படகு தானே எழுப்பும் அலையில் ஏற முடியாமல் திணறும். டீசல்தான் வீண்.

முழு வேகத்தில் ஒரு எச்.பி.க்கு மணிக்கு கால் லிட்டர் டீசல் என்பது பொதுவான கணக்கு. 20 எச்.பி. என்ஜின் 10 மணி நேரத்தில் 50 லிட்டர் குடிக்கும். 40 எச்.பி. என்றால் 100 லிட்டர். வேகத்தை பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே, அதே தூரத்துக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு டீசல் மிச்சமாகும்.

கரும்புகை வந்தால் உஷார்

பெரிய புரொப்பல்லர் மெதுவாக சுற்றினால்தான் இழுவை நன்றாக இருக்கும். அதற்குத்தான் சுற்றை பாதியாகவோ, மூன்றில் ஒரு பங்காகவோ குறைக்கும் கியர் பெட்டி. புரொப்பல்லர் அளவுக்கு மீறினால் என்ஜின் மூச்சு திணறி கரும்புகை கக்கும். அப்படியே ஓட்டினால் என்ஜின் ஆயுசு குறையும்.

உப்புத் தண்ணீர் எமன்

லாரி என்ஜினை அப்படியே படகில் போட்டால் ரேடியேட்டர் உதவாது. நல்ல தண்ணீர் என்ஜினுக்குள் சுற்ற, கடல் தண்ணீர் வெளியே இருந்து அதை குளிர்விக்கும் அமைப்பு வேண்டும். அரிப்பை தாங்கிக்கொள்ளும் துத்தநாக கட்டையை தேயத்தேய மாற்ற வேண்டும்.

ஸ்பேர் பார்ட்ஸ் உள்ளூரில் கிடைக்குமா, பழகிய மெக்கானிக் இருக்கிறாரா என்பதையும் விசாரிப்பது நல்லது. நடுக்கடலில் என்ஜின் நின்றால் தள்ளிவிட ஆள் கிடையாது.

பாக்கி பணம் கொடுக்கும் முன் ஐஸ், வலை, டீசல் எல்லாம் ஏற்றி ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்க்க வேண்டும். முழு வேகத்தில் கம்பெனி குறிப்பிட்ட ஆர்.பி.எம். வரவில்லை என்றால், புரொப்பல்லரை மாற்றச் சொல்லிவிட்டுத்தான் பணத்தை எண்ண வேண்டும்.