மோதல் கணக்குகளுக்கு நெபுலா வைக்கும் தேர்வு

சூரியனைப் போன்ற விண்மீன்கள் தம் இறுதிக்காலத்தில் வெளித்தள்ளும் ஒளிரும் வளிம உறைகளே கோள் நெபுலாக்கள் எனப்படுகின்றன. பூனைக்கண் நெபுலாவின் நிறமாலையில் 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் கண்ட பச்சை வரிகள் அறியப்பட்ட எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாததால் 'நெபுலியம்' என்றொரு தனிமம் கற்பிக்கப்பட்டது. அவை இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் அயனியின் வரிகளே என்பதை 1927இல் ஐரா போவன் நிறுவினார்.

நெபுலாவில் திரியும் எலெக்ட்ரான் ஒன்று அயனியின்மீது மோதி அதை உயர் ஆற்றல் நிலைக்கு ஏற்றுகிறது. அங்கிருந்து ஒளியை உமிழ்ந்து இறங்குவதற்குச் சில நிலைகளில் மணிக்கணக்கில் ஆகும் என்பதால், அடர்த்தி மிகுந்த ஆய்வகச் சூழலில் அதற்குள் வேறொரு மோதல் அவ்வாற்றலைப் பறித்துவிடுகிறது. ஆய்வகத்தில் எளிதில் காண முடியாத இத்தகைய வரிகள் தடைசெய்யப்பட்ட வரிகள் எனப்படுகின்றன. ஒரு மோதல் அயனியை உயர்நிலைக்கு ஏற்றும் வாய்ப்பைக் குறிக்கும் 'மோதல் வலிமை' என்ற எண்ணை ஆய்வகத்தில் அளப்பது கடினம். பெரும்பாலும் குவாண்டம் இயற்பியல் கொண்டு கணக்கிட்டே பெறுகின்றனர்.

அக்கணக்கைச் சோதிக்க, ஓர் எலெக்ட்ரானை இழந்த ஆக்சிஜன் அயனி 372.6, 372.9 நானோமீட்டர்களில் உமிழும் இரட்டை வரிகள் உதவுகின்றன. இவற்றின் மேல்நிலைகள் ஆற்றலில் ஏறத்தாழச் சமமானவை என்பதால் வரிகளின் செறிவு விகிதம் வெப்பநிலையைப் பெரிதும் சாராமல் எலெக்ட்ரான் அடர்த்தியைக் காட்டும் என்று சீட்டனும் ஆஸ்டர்பிராக்கும் 1957இல் விளக்கினர். அடர்த்தி மிகக் குறைந்தால் ஏறிய ஒவ்வோர் அயனியும் ஒளியை உமிழ்ந்தே இறங்குவதால், 372.9 வரிக்கும் 372.6 வரிக்கும் உள்ள விகிதம் மோதல் வலிமைகளின் விகிதமாகிய 1.5ஐ நெருங்கும்; அடர்த்தி கூடக் கூட அது ஏறத்தாழ 0.35 வரை சரியும்.

மெக்லாலினும் பெல்லும் சார்பியல் விளைவுகளையும் சேர்த்து 1998இல் வெளியிட்ட விரிவான கணக்கு, குறையடர்த்தி எல்லையில் இவ்விகிதம் 1.5ஐக் கணிசமாகத் தாண்டும் என்றது. பெரும்பாலும் கோள் நெபுலாக்களான நூற்றுக்கும் மேற்பட்ட நெபுலாக்களின் நிறமாலைகளை 2004இல் ஆராய்ந்த வாங்கும் அவரது குழுவினரும், கந்தகம், குளோரின், ஆர்கான் அயனிகள் காட்டும் அடர்த்திகளோடும் ஒப்பிட்டு, புதிய மதிப்புகள் பொருந்தவில்லை என்றும், பிரதான் 1976இல் கணக்கிட்ட பழைய மதிப்புகளே நன்கு பொருந்துகின்றன என்றும் கண்டனர். சார்பியல் விளைவுகள் இவ்விகிதத்தை அவ்வளவு மாற்றுவதில்லை என்று 2006இல் பிரதான் குழுவினரின் மறுகணக்கும் காட்டியது.

ஆயினும் இத்தேர்வு விகிதத்தை மட்டுமே சோதிக்கிறது. ஒரு வரியின் செறிவு மோதல் வலிமையோடு அயனிகளின் எண்ணிக்கையையும் சார்ந்திருப்பதாலும், அவ்வெண்ணிக்கையே அந்த வரியைக் கொண்டுதான் கணிக்கப்படுவதாலும், இரு மோதல் வலிமைகளும் ஒரே மடங்கில் பிழைபட்டிருந்தால் இவ்விகிதம் அதைக் காட்டிக்கொடுக்காது.