ஊருக்குப் போகுமுன் மீன் தொட்டி

1980களில் சென்னையில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கூடத்தில் மீன் தொட்டி இருந்தால், அது பெரும்பாலும் இரும்புச் சட்டத்தில் கண்ணாடிகளைப் பொருத்தி, இடுக்குகளில் மக்கு அடைத்ததாக இருக்கும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்புவரை ஊற்றினால் 56 லிட்டர் பிடிக்கும். கப்பியும் மோலியும் ஏஞ்சலும் மூர் மார்க்கெட் பக்கத்துக் கடைகளிலிருந்து, பாலித்தீன் பையில் தண்ணீரோடு பஸ் ஏறி வரும். 1985 மே மாதத் தீயில் அந்த மார்க்கெட் அழிந்தது. இன்று வண்ண மீன் என்றால் கொளத்தூர். தொட்டியில் இரும்பு கிடையாது, சிலிக்கான் பசையால் ஒட்டிய வெறும் கண்ணாடிதான். மீன்கள் மட்டும் ஏறக்குறைய அதே மீன்கள்.

விடுமுறையும் மாறிவிட்டது. அன்று முழுப்பரீட்சை முடிந்த கையோடு திருநெல்வேலிக்கோ தஞ்சாவூருக்கோ ரயிலேறினால், திரும்ப ஒரு மாதமாகும். இன்று வெள்ளி இரவு கிளம்பிச் செவ்வாய் காலை வந்துவிடுகிறோம். மாதக்கணக்கில் போன நாளில் தொட்டிக்குத் துணை ஓர் ஏர் பம்பும் ஒரு பக்கத்து வீடும். நாலு நாள் போகிற இன்றைக்கு ஃபில்டர், டைமர், ஆட்டோ ஃபீடர், கேமரா என்று ஒரு வரிசையே காவல் நிற்கிறது.

அன்று ஆயத்தம் என்றால் கழுவுவது. கிளம்புவதற்கு முதல் நாள் மாலை மீன்களை வாளிக்கு மாற்றுவார்கள். இரண்டு பேராகத் தொட்டியைக் கொல்லைக்குத் தூக்கிப்போய்க் கவிழ்த்து, கற்களை அரிசி களைவதுபோல நாலைந்து தண்ணீரில் களைந்து, கண்ணாடியில் படிந்த பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுப்பார்கள். புதுத் தண்ணீரில் தொட்டி பளபளக்கும். அக்கறையோடு செய்த வேலைதான் அது. ஆனால் மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா அந்தக் கற்களின்மேல்தான் வழவழப்பாகப் படிந்து வாழ்ந்துகொண்டிருந்தது. கழுவிய தண்ணீரோடு அதுவும் போனது. குடும்பம் ரயிலில் தூங்கிக்கொண்டிருந்த இரவிலேயே, தெளிந்து நின்ற அந்தத் தண்ணீரில் அம்மோனியா ஏறத் தொடங்கியிருக்கும்.

இன்று தொட்டியை யாரும் முழுதாகக் காலி செய்வதில்லை. கிளம்ப இரண்டு மூன்று நாள் இருக்கையில் கால் பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுகிறார்கள். குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் சில சொட்டு. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயில் காட்டாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசிப் பிழிந்து மாட்டுகிறார்கள். விளக்குக்கு டைமர். புது மீன் வாங்குவதைத் திரும்பி வந்த பிறகு என்று தள்ளிவைக்கிறார்கள். கிளம்புகிற நாளில் தொட்டியில் கைவைப்பதே இல்லை. கோளாறு ஏதும் இருந்தால் ஆள் வீட்டில் இருக்கும்போதே தெரிந்துவிட வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் மாற்றம் இன்னும் பெரிது. மீன் பட்டினி கிடக்குமே என்பதுதான் அன்று எல்லோருக்கும் கவலை. கிளம்புமுன் இரண்டு பங்காகப் போடுவார்கள். மெல்லக் கரையும் என்று சொல்லி விற்ற வெள்ளைக் கட்டி ஒன்றையும் உள்ளே போடுவார்கள். மீன் குளிர்ரத்தப் பிராணி. உடம்புச் சூட்டைக் காக்க அது உணவைச் செலவழிக்க வேண்டியதில்லை. வளர்ந்த, நோயில்லாத மீன் ஒரு வாரம் பட்டினியைத் தாங்கும். குஞ்சுகளுக்கு மட்டும் இது பொருந்தாது. தின்னாமல் மிஞ்சிய உணவு அழுகித் தண்ணீரைக் கெடுப்பதுதான் மீனைக் கொல்கிறது. ஆகவே நாலு நாள் பயணத்துக்கு ஒன்றுமே போட வேண்டாம் என்பது இன்றைய அறிவு. மனம் ஏற்கத் தயங்கும், ஆனாலும் சரியான அறிவு.

அதற்கு மேல் போனால் ஆட்டோ ஃபீடர். கைக்குள் அடங்கும் ஓர் உருளை. நேரம் வந்ததும் முனகிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி, பக்கவாட்டுத் திறப்பின் வழியாகக் கொஞ்சம் பெல்லட்டை உதிர்க்கும். ஏர் ஸ்டோனின் குமிழி தெறிக்கிற இடத்தில் மாட்டிவிட்டால் ஈரம் ஏறி, பெல்லட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திறப்பை அடைத்துக்கொள்ளும். ஒரு வாரம் முன்பே ஓடவிட்டுப் பார்ப்பது அதனால்தான்.

இந்த உருளையின் வேலையை அன்று செய்தது பக்கத்து வீட்டுப் பிள்ளை. செய்தித்தாளைக் கிழித்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக மடித்து, திங்கள், செவ்வாய் என்று மேலே எழுதி, சாவியோடு எதிர்வீட்டு மாமியிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். மாமியின் மகன் வந்து போடுவான். ஆசை மிகுந்து ஒரே நாளில் மூன்று பொட்டலம் பிரிப்பதும் உண்டு. அதனால் செத்த மீன்களும் உண்டு. ஆனாலும் அவன் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தான். மூலையில் மிதந்ததை வலையால் எடுத்துப் போட்டான். செத்த மீன் ஒன்று உள்ளேயே கிடந்தால் மற்ற மீன்களின் தண்ணீரும் கெடும். அதை எடுக்கிற கை எந்த ஃபீடருக்கும் இல்லை. அந்தத் தெருவில் அடுத்த தொட்டியை வாங்கியதும் பல சமயம் அந்தப் பிள்ளையின் வீடுதான்.

கருவிகள் எங்கே நின்றுவிடும் என்பதைக் கரண்ட் போகும்போது பார்க்கலாம். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். சென்னையின் மே மாதத்தில் பம்ப் நின்றால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறப்பது அதனால்தான். இன்வர்ட்டர் வந்தபின் ஒரு மணி, இரண்டு மணி மின்வெட்டுக்குப் பயமில்லை. ஆனால் 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று புயல் அடித்தபோது நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. இன்வர்ட்டர் பேட்டரி அவ்வளவு தாங்காது. வைஃபை போனதும் கேமராவும் போய்விடும். தொட்டியைப் பார்த்தே ஆகவேண்டிய நேரத்தில் செல்போனில் ஒன்றும் தெரியாது.

அனுபவப்பட்டவர்கள் இன்றும் சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள். எதிர் ஃபிளாட்டில் இருப்பவரின் பெயர்கூடத் தெரியாத குடியிருப்புகளில் இதுதான் இருப்பதிலேயே கடினமான ஆயத்தம். சாவியோடு போவது இப்போது பொட்டலங்கள் இல்லை, ஒரு சீட்டு. சாப்பாடு போட வேண்டாம். தினம் ஒரு தடவை மீன்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் செடிக்குப் பின்னால் தேடி எடுத்துவிடுங்கள். கரண்ட் போய் நேரமாகிவிட்டால் ஒரு சொம்பில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஓரடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள். மீன்கள் கீழே இறங்கும்வரை ஊற்றுங்கள்.