வீட்டில் சுற்றிய கிட்டார் பிக்கப்: சத்தம் குறைவாக வருகிறதா?

எலெக்ட்ரிக் கிட்டாருக்கான பிக்கப்பைச் சொந்தமாகச் செய்து, கம்ப்யூட்டரில் இணைத்து ரெக்கார்ட் செய்ய முயல்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை ஒன்று உண்டு. சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது என்பதே அது. உடனே பழி காயில் மீது விழுகிறது. என்னுடன் வேலை பார்க்கும் நண்பர், தையல் மெஷின் மோட்டாரை வைத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் 8,000 சுற்றுகள் சுற்றியிருந்தார். அதை அறுத்துவிட்டு மறுபடி சுற்றப் போவதாகச் சொன்னார். ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குத் தலைமுடி போன்ற ஒயர். அறுத்தால் குப்பைக்குத்தான் போகும். முதலில் சோதித்துவிடுவோம் என்று தடுத்தேன்.

பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செம்பு ஒயரும்தான். காந்தம், மேலே உள்ள எஃகுத் தந்தியையும் காந்தமாக்குகிறது. தந்தி அதிரும்போது காயிலுக்குள் காந்தப்புலம் மாறுவதால் சிறிய மின்னழுத்தம் உண்டாகிறது. 1831-ல் மைக்கேல் பாரடே கண்டறிந்த அதே தத்துவம். கிட்டாரில் இதைப் பயன்படுத்தி 1937-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் ஜார்ஜ் பீச்சம்.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள். ரெக்கார்ட் ஆகும்போது தந்தியைத் தொடாமல், கீபோர்டு அருகே விரலால் தட்டவும். அந்தச் சத்தம் பெரிதாகப் பதிவானால், நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது பிக்கப்பை அல்ல. லேப்டாப்பின் உள்ளே இருக்கும் மைக், அறையில் கேட்கும் தந்தி ஓசையைப் பதிவு செய்கிறது. இன்றைய லேப்டாப்களில் பெரும்பாலும் ஹெட்செட்டுக்கான ஒரே ஜாக்தான் உண்டு. அதன் பின்னில் நான்கு தொடர்புகள். மைக்குக்கானது கடைசியில் இருக்கும். கிட்டார் கேபிளின் பின்னில் இரண்டே தொடர்புகள் என்பதால் மைக் இணைப்பு எர்த்துடன் சேர்ந்துவிடுகிறது. வெளி மைக் இல்லை என்று முடிவு செய்து லேப்டாப் உள் மைக்கையே பயன்படுத்துகிறது. நண்பர் வீட்டில் நடந்தது இதேதான்!

டெஸ்க்டாப்பில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அங்கே வேறொன்று இருக்கிறது. மெல்லிய பைப்பில் வரும் தண்ணீரை, கீழே பெரிய குழாயில் திறந்துவிட்டால் அழுத்தம் இறங்கிவிடும் அல்லவா? பிக்கப்பின் சிக்னலும் அப்படித்தான். கிட்டார் ஆம்ப்ளிபயரின் உள்ளீட்டுத் தடை சுமார் 10 லட்சம் ஓம். கம்ப்யூட்டரின் மைக் சாக்கெட்டில் அது சில ஆயிரம் ஓம்தான். லைன் இன் சாக்கெட்டிலும் பெரும்பாலும் சில பத்தாயிரம் ஓம். இதில் இணைத்தால் சத்தம் குறையும். உயர்ந்த ஸ்வரங்களின் பளிச்சென்ற தன்மை முதலில் போய்விடும். 'இன்ஸ்ட்' அல்லது 'ஹை-இசட்' என்று குறித்த உள்ளீடு உள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்பேஸ் ஒன்றே சரியான தீர்வு. மைக் பூஸ்ட்டைக் கூட்டுவது தீர்வாகாது, இரைச்சலும் சேர்ந்தே கூடும்.

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் சென்று, உங்கள் உள்ளீட்டுச் சாதனத்தைக் கிளிக் செய்து, ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸை ஆப் செய்திடவும். பேச்சுக்காக அமைந்த இரைச்சல் நீக்கி, நீண்டு ஒலிக்கும் தந்தியையும் இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் சத்தம் குறைவு என்றால் மல்டிமீட்டரை எடுக்கலாம். காயிலின் இரு முனைகளையும் கழற்றிவிட்டு, 20 கிலோ ஓம் நிலையில் அளந்திடவும். 0.063 மி.மீ. ஒயரில் 8,000 சுற்றுகளுக்கு 6 கிலோ ஓம் அளவில் காட்ட வேண்டும். மீட்டரில் எதுவும் பதிவாகாவிட்டால் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது. பெரும்பாலும் மெல்லிய ஒயரைத் தடித்த ஒயருடன் சால்டர் செய்த இடத்தில்தான். எனாமல் சரியாக நீங்காமல் இருந்தாலும் இப்படித்தான் காட்டும். பாதி அளவே காட்டினால் உள்ளே சுற்றுகள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகியிருக்கலாம். அப்போதுதான் மறுபடி சுற்றும் பேச்சு. ஓரிரு சுற்று ஷார்ட் ஆனால் மீட்டரில் தெரியாது என்பதையும் நினைவில் வைக்கவும். நண்பரின் காயில் 5.8 காட்டியது.

இன்டர்பேஸ் வந்த பிறகு அவருக்கு மெல்லிய இரண்டு தந்திகள் நன்றாகவும் மற்ற நான்கும் மங்கலாகவும் கேட்டன. காரணம், அவை சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரின் வெண்கலம் சுற்றிய தந்திகள். வெண்கலத்தைக் காந்தம் கண்டுகொள்ளாது. உள்ளே இருக்கும் எஃகு மட்டுமே வேலை செய்யும். நைலான் தந்தி என்றால் அதுவும் இல்லை. நிக்கல் பூசிய எஃகு சுற்றிய செட் மாட்டியதும் ஆறும் சமமாயின. காயிலில் ஒரு சுற்றைக்கூட மாற்றவில்லை.

உயரத்தையும் பாருங்கள். கடைசி பிரெட்டில் தந்தியை அழுத்தியபடி, தந்திக்கும் பிக்கப்புக்கும் இடையே 2 முதல் 3 மி.மீ. இருந்தால் போதும். இன்னும் நெருக்கினால், அதிலும் நியோடிமியம் காந்தமாக இருந்தால், அது தந்தியை இழுத்துப் பிடித்து அதிர்வைக் கெடுக்கும். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியில் பலமாக மீட்டும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி வரும்படி கெய்னை வைத்துக்கொள்ளவும்.

சத்தம் கூடியதும் 'ம்ம்ம்' என்ற 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் எட்டிப் பார்க்கும். ஒற்றைக் காயில் பிக்கப்பில் அது இயல்பு. சார்ஜரைத் தள்ளி வைத்து, உட்கார்ந்தபடியே கிட்டாரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் பெருமளவு அடங்கிவிடும்.