தோற்றது அரசு, மேல்முறையீடு எங்கே?

2025 ஜூலை 27 நெருங்க நெருங்க வாசகர் கடிதங்கள் குவிந்தன. எழுதியவர்களில் பலர் பெற்றோர். மகளும் மாப்பிள்ளையும் எச்-1பி விசாவில் அமெரிக்காவில் இருந்தார்கள், ஆகஸ்டில் பிரசவம். "டிரம்ப் சொன்னது சரி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதாமே, பேரக்குழந்தைக்குக் குடியுரிமை கிடைக்காதா?" என்று கேட்டார்கள்.

உச்ச நீதிமன்றம் அப்போது அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் பிறக்கும் இத்தகைய குழந்தைகளுக்குக் குடியுரிமையை மறுக்கும் டிரம்பின் ஆணை செல்லுமா செல்லாதா என்ற கேள்வியை அரசு அந்தச் சமயம் அதன் முன் வைக்கவே இல்லை.

சியாட்டில், மேரிலாண்ட், மாசசூசெட்ஸ் என மூன்று இடங்களில் மாவட்ட நீதிபதிகள் நாடு முழுமைக்கும் ஆணைக்குத் தடை விதித்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றங்களும் தடையை விலக்க மறுத்தன. மார்ச்சில் உச்ச நீதிமன்றத்துக்குப் போன அரசு, தடையை வழக்குப் போட்டவர்களோடு நிறுத்துங்கள் என்று மட்டும் கேட்டது. இதை அடக்கமான கோரிக்கை என்று மனுவில் வர்ணித்தது. ஒரே நாட்டில் பிறக்கும் குழந்தைகளை, வழக்குப் போட்டவர் பிள்ளை, போடாதவர் பிள்ளை என்று பிரிக்கக்கூடிய கோரிக்கை அது. ஜூன் 27 அன்று 6-3 என்ற பெரும்பான்மை அதை ஏற்றது. ஆணை 30 நாளைக்கு அமலுக்கு வராது என்றும் சொன்னது. ஜூலை 27 என்ற தேதி வந்தது இப்படித்தான்.

என்னை உறுத்துவது இதன் பின்னால் உள்ள ஏற்பாடு. மேல்முறையீடு என்பது தோற்றவர் கையில் இருக்கிறது, வென்றவர் மேலே போக முடியாது. ஒரு தடை நாடு முழுவதும் செல்லுபடியானால், தோற்ற அரசு மேலே போயே ஆக வேண்டும், இல்லாவிட்டால் திட்டம் முடங்கிவிடும். தடை வாதிகளோடு நின்றுவிட்டால் அந்த நெருக்கடி இல்லை. வாதிக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிட்டு மற்ற எல்லோர் மீதும் ஆணையை நடத்தலாம். அரசு எத்தனை முறை தோற்றாலும் விஷயம் உச்ச நீதிமன்றத்தை எட்டாது. மே 15 விசாரணையில் நீதிபதி எலினா கேகன் இதைத்தான் கேட்டார்: எல்லா இடத்திலும் தோற்கிற நீங்கள் எங்களிடம் ஏன் வரப்போகிறீர்கள்?

ஏப்ரல் 9 அன்று பிரதிநிதிகள் சபை 219-213 என்று நிறைவேற்றிய மசோதாவும் தடையை வாதிகளோடு நிறுத்துகிறது. ஒரே ஒரு விலக்கு உண்டு. வெவ்வேறு மேல்முறையீட்டு வட்டாரங்களைச் சேர்ந்த மாநிலங்கள் சேர்ந்து வழக்குப் போட்டால், குலுக்கலில் தேர்வாகும் மூன்று நீதிபதிகள் விசாரிப்பார்கள். அங்கிருந்து நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம். குலுக்கல் நல்ல யோசனை. கருக்கலைப்பு மாத்திரைக்கு எதிரான வழக்கு டெக்சாஸின் அமரில்லோவுக்குப் போனதற்குக் காரணம், அங்கே போடும் வழக்குகள் அநேகமாக ஒரே நீதிபதியிடம் போவதுதான். மாநிலங்கள் சேர்ந்து போடும் வழக்குகளிலாவது அந்தப் பழக்கத்துக்குக் குலுக்கல் முடிவு கட்டும். ஆனால் மேலே போவதா வேண்டாமா என்ற முடிவு மறுபடியும் தோற்றவரிடமே இருக்கிறது.

1937-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதைவிட நேர்மையாக யோசித்தது. மத்திய சட்டமொன்றை அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று தடுக்க மூன்று நீதிபதிகள் வேண்டும், மேல்முறையீடு நேராக உச்ச நீதிமன்றத்துக்கு, அதை விசாரிக்க மறுக்கும் உரிமை அந்த நீதிமன்றத்துக்குக் கிடையாது. 1976-இல் அந்த ஏற்பாட்டைக் கலைத்தார்கள். தடையைச் சுருக்காமல் மேல்முறையீட்டை விரைவாக்கும் அந்த வழியை ஜனாதிபதி ஆணைகளுக்கும் விரித்திருந்தால், இத்தனை குடும்பங்கள் நாள் எண்ணிக்கொண்டிருந்திருக்க மாட்டா.

இதற்கிடையே ஜூலை 10 அன்று நியூ ஹாம்ப்ஷயர் நீதிபதி ஜோசப் லாப்லாண்ட் குடியுரிமை ஆணைக்கு எதிரான வழக்கைக் கூட்டு வழக்காக ஏற்றுப் புதிய தடை விதித்தார். பெற்றோரை விட்டுவிட்டு, ஆணை தொடக்கூடிய குழந்தைகள் எல்லோரையும் வாதிகளாகச் சேர்த்தார். மேல்முறையீட்டுக்காக 7 நாள் அவகாசமும் கொடுத்தார். அந்த 7 நாளுக்குள் அரசு மேல்முறையீட்டுக்குப் போகவில்லை.

வாசகர்கள் கேட்ட மற்றக் கேள்விகள்:

ஜூலை 27-இல் என்ன ஆனது? கூட்டு வழக்குத் தடை நின்றதால், குழந்தைகளை ஆணை தொடவில்லை.

வழக்கில் தனியாகச் சேர வேண்டுமா? வேண்டாம்.

பிப்ரவரி 20-க்கு முன் பிறந்த குழந்தை? அந்தக் குழந்தைக்கு ஆணையே பொருந்தாது.

பெற்றோரில் ஒருவருக்கு மட்டும் கிரீன் கார்டு இருந்தால்? அப்போதும் பொருந்தாது.

மசோதா சட்டமாகுமா? செனட்டில் 60 வாக்கு வேண்டும், 2025-இல் குடியரசுக் கட்சியிடம் இருந்தது 53.